லித்தோ மேப்பும் லட்சுமி படமும்

வாய்க்கால் விஷயமா ரெண்டு மாசமா ஆபீஸ் ஆபீஸா நடந்துக்கிட்டிருக்கேன். போற இடத்துல எல்லாம் ஒரே வார்த்தை காதுல விழுது. "லித்தோ இருக்காண்ணே?" "லித்தோவைப் பாக்காம எதுவும் சொல்ல முடியாது." "இது லித்தோ இல்லப்பா, ஜெராக்ஸோட ஜெராக்ஸ்."

எங்க பக்கம் கிராம வரைபடத்துக்கு லித்தோன்னுதான் பேரு. பட்டா, சிட்டா, அ பதிவேடு, எஃப்.எம்.பி., லித்தோ என்று ஒரே மூச்சில் சொல்லுவோம். நானும் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். காலேஜ் படிக்கிற தம்பி பொண்ணு ஒரு நாள் கேட்டா, "பெரியப்பா, லித்தோன்னா என்ன அர்த்தம்?" எனக்குச் சொல்லத் தெரியல. பத்தாவது வரைக்கும் படிச்சவனுக்கு அது என்னமோ சர்க்கார் வார்த்தை, அவ்வளவுதான். அப்புறம் தேடித்தேடிப் படிச்சேன். படிச்சதுல ஒண்ணு புரிஞ்சது. எங்க வீட்டு சாமி மூலையில் இருக்கிற லட்சுமி படமும், கிராம மேப்பும் ஒரே வயித்துல பொறந்த பிள்ளைங்க. ரெண்டுக்கும் தாய் ஒரு கல்லு.

கிரேக்க பாஷையில் 'லித்தோஸ்' என்றால் கல். லித்தோகிராஃபி என்றால் கல்லில் எழுதுவது. கல்வெட்டு மாதிரி உளியால செதுக்குறதுன்னு நினைச்சுடாதீங்க, நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். இதுல ஒரு நூல் அளவுகூட வெட்டு கிடையாது. கல் மழமழன்னு தட்டையா இருக்கும், எழுத்தும் அதே மட்டத்துலதான் இருக்கும். பிறகு எப்படி அச்சாகுது?

எண்ணெய் தேய்ச்ச தலையில தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? நிக்காம உருண்டு ஓடும். அந்த ஒரே சங்கதிதான் மொத்த தொழிலும்.

நல்ல வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகை ஒண்ணு. அதன் மேல் இன்னொரு பலகையைக் கவிழ்த்து, நடுவுல மணலும் தண்ணியும் போட்டு, அம்மி அரைக்கிற மாதிரி சுத்திச் சுத்தித் தேய்ச்சா ரெண்டும் சமமாகும். காய்ந்த பிறகு மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி சேர்த்துச் செய்த பசை மையால் அதில் வரைய வேண்டும். பிறகு பிசின் கரைசலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து மேலே பூசுவார்கள். கொழுப்பு பட்ட இடம் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். படாத இடம் பிசினைக் குடித்து, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணத்துக்கு வந்துவிடும். இப்போ ஈரப் பஞ்சால கல்லைத் துடைச்சா, வெறும் இடத்துல தண்ணி நிக்கும், கோட்டு மேல நிக்காது. அடுத்து எண்ணெய் மை தடவின உருளையை உருட்டினா, ஈரமான இடம் மையை வாங்காது, கோடு மட்டும் வாங்கும். காகிதத்தை வெச்சு அழுத்தினா படம் வந்தாச்சு. மறுபடி ஈரம், மறுபடி மை, மறுபடி காகிதம். நூத்துக்கணக்கில் எடுக்கலாம். முதல் பிரதியில் இருக்கிற கோடுதான் கடைசிப் பிரதியிலயும். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, வாய்க்கால் கதைக்கு இது வேணும்.

இதைக் கண்டுபிடிச்சவர் விஞ்ஞானி இல்லை, நாடகம் எழுதுறவர். அலாய்ஸ் செனெஃபெல்டர். 1771-ல் பிராகில் பிறந்து ஜெர்மனியில் மியூனிக்கில் வாழ்ந்தவர். அப்பா நாடக நடிகர். அவர் செத்ததும் குடும்ப பாரம் இவர் தலையில. எழுதின நாடகத்தை அச்சுப்போட காசு இல்லை, நாமே அச்சடிச்சா என்னன்னு இறங்கிட்டார். செப்புத் தகட்டில் எழுதிப் பழகினார். செம்பு விலை கட்டுப்படியாகல. அந்தப் பக்கம் தரைக்குப் போடுற சுண்ணாம்புக்கல் மலிவு. அதுல பழகினார். 1796-ல் ஒரு நாள் அவங்க அம்மா, "சலவைக்காரி வந்திருக்கா, துணிக் கணக்கை எழுதிக்கோ" என்று சொல்ல, கையில் காகிதம் இல்லாமல், அச்சுக்கு வெச்சிருந்த மெழுகு மையால் கல் மேலேயே கணக்கை எழுதினாராம். எழுதினதை அழிக்கிறதுக்கு முன்னாடி அமிலம் ஊத்திப் பார்ப்போமேன்னு பார்த்தார். அங்கே தொடங்கி ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி, செதுக்கலே வேண்டாம், எண்ணெயும் தண்ணியும் போதும் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். வெளுக்கப் போட்ட துணிக் கணக்குல பொறந்த தொழில்!

பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊர்ச் சுற்றுவட்டாரத்துக் கல்தான் இதற்கு உலகத்திலேயே உசத்தி. அச்சுக்கல்லுக்காக அங்கே வெட்டி வெட்டித்தான், இறக்கை முளைத்த பழங்காலப் பிராணி ஒன்றின் எலும்புக்கூடு 1861-ல் வெளிவந்தது. அதுக்கு வெச்ச பேர் ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா. அச்சுத் தொழில் பேரைச் சுமக்கிற பறவை.

ஓவியக்காரங்களுக்கு இது பெரிய வரம். அதுவரைக்கும் ஓவியர் வரைவார், அதைப் பார்த்து வேற ஒருத்தர் மரத்திலோ செம்பிலோ செதுக்குவார். இங்கே ஓவியர் கைப்பட்ட கோடே அச்சுக்குப் போகுது. பாரிசில் ஒனோரே தோமியே என்பவர் ராஜாவைப் பெருந்தீனிக்காரனாக, சனங்களோட காசை வாயில் அள்ளிப் போட்டுக்கொள்கிறவனாக வரைந்தார். 1832-ல் அவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். சுவத்துல ஒரு படம் வரைஞ்சா வெள்ளை அடிச்சுடலாம். ஆயிரம் காகிதம் ஊருக்குள்ள போயிட்டா எதை அடிக்கிறது?

நம்ம நாட்டுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. 1822 வாக்கில் கல்கத்தாவில் கல்லச்சு வேலை நடந்திருக்கிறது. கம்பெனிக்காரன் இதை விரும்பினதுக்கு ஓவிய ஆசை காரணமில்லை. அவனுக்கு வேண்டியது மேப்.

இங்கேதான் நம்ம ஊர்க்கதை வருது. ஆற்காடு நவாப் 1763-ல் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகிரில்தான் எங்க பகுதி இருந்தது. 1767 முதல் 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியர் இந்த ஜாகிரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கு எடுத்தார். எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு எல்லாம். 1794-ல் சென்னையில் சர்வே பள்ளிக்கூடம் வந்தது. அதுதான் பின்னாளில் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். 1802-ல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்தார், அதுலேருந்துதான் இந்தியா முழுக்க முக்கோணம் முக்கோணமா அளந்துக்கிட்டே போனாங்க. எங்க ஊர்லேருந்து பரங்கிமலை ஒரு மணி நேரப் பஸ் பயணம்.

அளந்தாச்சு சரி. ஆனா மேப்புக்குப் பிரதி? கையால்தான் பார்த்து எழுதணும். எழுதுறவன் தூங்கி விழுந்தா ஒரு ஏரி காணாமப் போயிடும். கணக்கு எழுதுறவன் வேண்டப்பட்டவனா இருந்தா ஒரு வாய்க்கால் வளைஞ்சு போயிடும். கல்லச்சு வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவை பசை மையால் தனிக் காகிதத்தில் நேராக வரைந்து, அதைக் கல் மேல் கவிழ்த்து அழுத்தினால் தலைகீழாகக் கல்லில் ஏறிக்கொள்ளும். கல்லிலிருந்து காகிதத்துக்கு வரும்போது மறுபடி நேராகிவிடும். கலெக்டருக்கு ஒண்ணு, தாலுக்காவுக்கு ஒண்ணு, கர்ணத்துக்கு ஒண்ணு. மூணும் ஒரே மேப்.

சென்னை மாகாணத்தில் 1858-ல் வருவாய் சர்வே தொடங்கியது. சர்வே நம்பர் வாரியா வயலை அளந்து, முச்சந்திக்கு முச்சந்தி கல் நட்டு, ஊர் ஊரா மேப் போட்டாங்க. அளவு என்ன தெரியுமா? 16 அங்குலத்துக்கு ஒரு மைல். அதாவது ஒரு அங்குலம் 330 அடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மேப்பில் ஒரு சதுர அங்குலம் சரியாக இரண்டரை ஏக்கர். பத்தடி அகல வாய்க்கால் அதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த முக்கால் மில்லிமீட்டருக்குள் ரெண்டு கரைக்கும் ரெண்டு கோடு. நடுவுல வெள்ளை. அந்த வெள்ளைதான் தண்ணி.

கல்லு நூறு கிலோவுக்கு மேல கனக்கும், உடைஞ்சா போச்சு. அதனால் போகப் போக சர்வே அச்சகங்கள் துத்தநாகத் தகட்டுக்கு மாறின. கல்கத்தா சர்வே ஆபீசில் வான்டைக் என்பவர், டிரேசிங் காகிதத்திலிருந்து நேராகத் தகட்டுக்கு வெளிச்சத்தால் மாற்றும் முறையைக் கண்டுபிடித்தார். கல் போய் ஒரு நூற்றாண்டு ஆச்சு. தாலுக்கா ஆபீஸ் வாயில் மட்டும் இன்னும் கல்லுதான்!

இப்போ லட்சுமிக்கு வர்றேன்.

எங்க வீட்டுப் படத்தை ஆயா கட்டி வந்த காலத்துலேருந்து பார்க்கிறேன்னு அம்மா சொல்லும். தாமரை மேல நின்ன கோலம், நாலு கை, மேல் கை ரெண்டிலும் தாமரை, பக்கத்துல மாலையோட யானை. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சுடுச்சு. பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருக்கு. சின்ன வயசுல இது என்ன குறைன்னு நினைச்சதுண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல் என்பது இப்பத்தான் தெரியுது. மஞ்சள் கல், சிவப்புக் கல், நீலக் கல் என்று ஒரே காகிதத்தை ஒவ்வொரு கல்லாக அழுத்தி எடுக்கணும். ஒண்ணு கொஞ்சம் நகர்ந்தாலும் லட்சுமிக்கு உதடு ரெண்டு.

இந்தக் கோலத்துக்கு மூலம் ரவி வர்மா. 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர், 1873-ல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவர் படம் ராஜாக்கள் அரண்மனையில்தான் மாட்டியிருந்தது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்த மாதவராவ்தான், உங்கள் படங்களை அச்சடித்தால் எல்லோருக்கும் போய்ச் சேருமே என்று 1884-ல் அவருக்கு எழுதினார். பத்து வருஷம் கழிச்சு, 1894-ல், பம்பாய் கிர்காமில் அச்சகம் வந்தது. எந்திரமும் ஜெர்மனி, வேலைக்காரரும் ஜெர்மனி. பிளேக் வந்து பம்பாயே காலியானதில் தொழில் நொடித்தது. 1899-ல் லோனாவாலாவுக்குப் பக்கத்தில் மளவலிக்கு மாற்றினார்கள். கடன் தாங்காமல் கொஞ்ச காலத்தில் அங்கே வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரரிடமே விற்றுவிட்டார். ரவி வர்மாவுக்கு அதில் நஷ்டம்தான். ஆனால் படம் நிக்கல. வீட்டுக்கு வீடு போச்சு. சில வீடுகளில் லட்சுமிக்கு ஜரிகைத் துணி வெட்டி ஒட்டிச் சேலை கட்டினார்கள்.

பெரிய படிப்பாளிங்க சிலர் இதை மட்ட ரகக் கலைன்னு சொல்றாங்க. சொல்லட்டும். எங்க ஆயா காலத்துல எங்க சனத்தைக் கோயில் வாசலோடு நிறுத்திடுவாங்க. கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்ததே 1939-ல். சட்டம் வந்த உடனே எல்லா ஊர்க் கதவும் திறந்துடலை. அந்தக் காலத்துல கர்ப்பக்கிரகத்துக்குள்ள இருக்கிற அம்மன் முகத்தை, சில அணா காகிதத்துல, மண் சுவத்துல மாட்டிக் கும்பிட்ட கிழவிக்கு அது மட்டக் கலையா உசந்த கலையான்னு கேட்டுப் பாருங்க. கல்லு யாரையும் வெளியே நிறுத்தல.

தெற்கே இந்தத் தொழில் வளர்ந்தது சிவகாசியில். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பெட்டி இருந்தா மேல ஒட்ட லேபிள் வேணும். லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்தன. லேபிள் அடிச்ச கை பட்டாசு உறையும் காலண்டரும் அடிச்சுது. இன்னைக்கும் அங்கே பல அச்சகங்கள் பேரிலேயே லித்தோ ஒட்டிக்கிட்டிருக்கு. அவங்களுக்கு சாமி படம் வரைஞ்சு கொடுத்தவர்களில் பெரியவர் கோவில்பட்டி கொண்டையராஜு. 1898-ல் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து பிழைத்தவர். கம்பெனியோடு வந்து 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணமும் முருகனும் இல்லாத மளிகைக்கடை நம்ம நாட்டுல உண்டா? செனெஃபெல்டரும் நாடகக்காரர், இவரும் நாடகக்காரர். அந்தத் திரைச்சீலையோட பளபளப்புதான் நம்ம சாமி படத்துல எல்லாம் இருக்குன்னு எனக்குத் தோணுது. பின்னாடி மலை, அருவி, மாளிகைத் தூண் எல்லாம் பாருங்க, அசல் கூத்து மேடை.

எழுத்துக்கு நம்ம ஆளுங்க ஈய எழுத்தையே பிடிச்சுக்கிட்டாங்க. உருது எழுத்து வளைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போறதால கையெழுத்தும் கல்லச்சும் அதுக்கு ரொம்பப் பொருந்திச்சு. சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கிய 'முசல்மான்' உருது தினசரியைப் பல பத்தாண்டுகளாகக் கையால் எழுதியே அச்சுக்குக் கொடுத்து வந்தார்கள். கடைசி நேரச் செய்திக்கு முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியா விட்டு வெச்சிருப்பாங்களாம்.

இப்போ நாம பார்க்கிற ஆஃப்செட்டும் இதே கல்லோட பேரப்பிள்ளைதான். 1904 வாக்கில் அமெரிக்காவில் ஐரா ரூபல் என்பவர் எந்திரத்தில் காகிதம் வைக்க ஒரு சுற்று தவறியது. மை அழுத்துகிற ரப்பர் உருளை மேல விழுந்தது. அடுத்த காகிதத்துல முன்பக்கம் தகட்டுலேருந்தும், பின்பக்கம் ரப்பர்லேருந்தும் அச்சு விழுந்தது. பார்த்தா பின்பக்கம்தான் சுத்தமா இருக்கு! தப்பையே முறையாக்கிட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸுக்குப் போனா உள்ளே எட்டிப் பாருங்க, தண்ணி உருளை ஒண்ணு, மை உருளை ஒண்ணு. செனெஃபெல்டர் வெச்சது வெச்சபடி. இதுல இன்னொரு வேடிக்கை, எங்க ஊர்ப் பசங்க வேன் ஏறி சிப்காட்டுக்குப் போய்ப் பூட்டுற செல்போனுக்குள்ள இருக்கிற சில்லு இருக்கே, அதுல கோடு போடுற முறைக்கும் பேர் லித்தோகிராஃபிதான். மைக்குப் பதிலா வெளிச்சம், சுண்ணாம்புக்கல்லுக்குப் பதிலா சிலிக்கான்.

சரி, வாய்க்காலுக்கு வர்றேன்.

2015 டிசம்பர் மழை யாருக்கும் மறந்திருக்காது. ஏரி கலங்கல் நிறைஞ்சு வழிஞ்சப்போ தண்ணி ரோட்டுல வரல, லே-அவுட் போட்ட மனைகளுக்கு நடுவுல ஒரு கோடு கிழிச்ச மாதிரி வந்தது. எங்க நீர்க்கட்டிக் கிழவர் அப்பவே சொன்னார், "தண்ணிக்கு வழி மறக்கலடா, நமக்குத்தான் மறந்துடுச்சு." அங்கே ஒரு போக்கு வாய்க்கால் இருந்தது. நான் அதுல மீன் பிடிச்சிருக்கேன். மனை விற்றவங்க, "அது வாய்க்கால் இல்லை, வண்டிப்பாட்டை" என்று சொல்லி ஒரு மேப்பை நீட்டினாங்க. அதுல ஒரே ஒரு தடித்த கோடுதான் இருந்தது. ஆபீசில் எங்களுக்குக் கிடைச்ச பிரதியிலும் அதேதான். யாரோ திருத்திட்டாங்கன்னு ஊரே கொதிச்சது. பூதக்கண்ணாடி வெச்சு ஒரு மணி நேரம் பார்த்தேன். யாரும் திருத்தல. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்ததுல, முக்கால் மில்லிமீட்டர் வெள்ளை கறுப்பா அடைஞ்சு போச்சு. வயலில் மண்ணடிச்சு மூடினதுக்கு முன்னாடியே காகிதத்துல வாய்க்கால் மூடிடுச்சு.

1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கர்ணம் பதவியை எடுத்தாங்க. கட்டுகளை எல்லாம் ஒப்படைச்சாங்க. பக்கத்து ஊர்ல பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், தன் பங்குக்கு அவங்க அப்பா காசு கட்டி வாங்கி வெச்சிருந்த மேப் ஒண்ணு இருக்குன்னு சொன்னார். தகரக் குழாய்க்குள்ள, துணி ஒட்டின காகிதம். மடிப்புல மஞ்சள் ஏறியிருக்கு. திண்ணையில் விரிச்சுப் பார்த்தோம். ஏரிக்கரை, மதகு, கலங்கல், அங்கேருந்து கிளம்புது ரெண்டு கோடு. நடுவுல வெள்ளை, சுத்தமா. கூட வந்த பசங்க செல்போன்ல படம் பிடிச்சு விரலால பெருசாக்கிப் பார்த்தாங்க. அப்பவும் ரெண்டு கோடுதான்.

சர்வேயரிடம் காட்டினோம். "எல்லை அளக்க எஃப்.எம்.பி.தான் வேணும். ஆனா வாய்க்கால் இருந்ததுன்னு காட்ட இது போதும், அ பதிவேட்டுல புறம்போக்குன்னு இருக்கான்னு பார்த்துடறேன்" என்றார். சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகத்தில் அச்சுப் பிரதிக்கு மனு போட்டிருக்கோம். நவரை அறுப்பு முடிஞ்சதும் அளக்க வர்றதா சொல்லியிருக்கார். அன்னைக்குக் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெரியவரும் வர்றாராம். தகரக் குழாயை யார் கையிலயும் கொடுக்க மாட்டாராம், ஆட்டோவுல மடியில வெச்சுக்கிட்டே வருவாராம்.